தாய் சொல்ல, மகள் எழுதினாள்!

பாரதியாரைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேளுங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். முண்டாசும் மீசையும் என்று உடனே சொல்லும். ஆனால், பாரதியாரின் மகளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் தங்கம்மாள். பாரதியாரின் மூத்த மகள். 1904-ம் ஆண்டு பிறந்தவர். அவரும் ஓர் எழுத்தாளர்.

வாசலில் வேவு

1908-ம் ஆண்டு. பாரதியார் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை வெள்ளை அரசாங்கத்தைத் தாக்கி எழுதியது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் கைதானார். அடுத்து பாரதியார்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நண்பர்கள் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே ஆங்கிலேயர் போலீஸ் அவரைத் தொட முடியாது.

அப்போது தங்கம்மாளுக்கு 4 வயது. தங்கை சகுந்தலா பிறந்ததும் அந்த ஆண்டில்தான். பிறகு குடும்பமும் புதுச்சேரி போய்ச் சேர்ந்தது.

கைது செய்ய முடியாத போலீஸ் வேவு பார்த்தது. ‘இந்தியா’ பத்திரிகை ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் வரக்கூடாது என்று தடை வந்தது. 1910-ல் பத்திரிகை நின்றது. பத்திரிகையோடு வருமானமும் நின்றது. சுமார் 10 ஆண்டுகள் இப்படியே ஓடின.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கடலூர் அருகே கைதானார். சில வாரம் சிறை. 1921 செப்டம்பரில் சென்னையில் காலமானார். 39 வயதுகூட நிரம்பவில்லை. அப்போது மூத்த மகளுக்குச் சுமார் 17 வயது.

அரிசியும் குருவியும்

சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். கவிஞரின் கருணையைப் புகழ்கிறோம். சரிதான். ஆனால் அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் யார்? மனைவி செல்லம்மாள். பசியோடு காத்திருந்தவர்கள் யார்? குழந்தைகள்.

இந்தப் பக்கத்தை எந்தப் போலீஸ் குறிப்பும் எழுதாது. வீட்டில் இருந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

எழுதினார்கள்! 1941-ம் ஆண்டு ‘பாரதியார் சரித்திரம்’ வெளிவந்தது. செல்லம்மாள் சொல்லச் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய நூல் அது. பிறகு தங்கம்மாள் தாமே தந்தையைப் பற்றி நூல்கள் எழுதினார். சகுந்தலாவும் எழுதினார். அதே புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தவர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார். அவர் மகள் யதுகிரி அம்மாள் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ 1954-ல் வந்தது.

“பெற்ற மகள் அப்பாவைப் புகழாமல் என்ன செய்வாள்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளை எழுதியதை மட்டும் படித்தால் போதாது. மற்றவர் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் இந்தப் பெண்கள் பெருமையை மட்டும் எழுதவில்லை. வறுமையை எழுதினார்கள். வீட்டில் பட்ட கஷ்டத்தை எழுதினார்கள். ஒருவர் நாட்டுக்காகப் போராடினால் ஒரு குடும்பமே சேர்ந்து விலை கொடுக்கிறது. அந்தக் கணக்கு நமக்குக் கிடைத்தது இவர்களால்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு

புகழ் பெற்றவர்களுக்குத்தான் சரித்திரம் என்று நினைக்காதீர்கள். நம் தொழிற்பேட்டையைப் பாருங்கள். எத்தனை ஊர்களிலிருந்து வந்து இங்கே குடியேறியிருக்கிறார்கள்! நிலத்தை விட்டு வந்தவர் உண்டு. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் உண்டு. ராத்திரி ஷிப்டு பார்த்தே வீட்டை நிமிர்த்திய தகப்பன் உண்டு. அவர்கள் கதையை யார் எழுதப் போகிறார்கள்?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். எந்த ஆண்டு ஊரை விட்டு வந்தோம், முதல் சம்பளம் எவ்வளவு, எதை விற்றோம், யார் கை கொடுத்தார்கள் என்று எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. பாட்டி பேசுகிறபடியே இருந்தால் போதும்.

செல்லம்மாள் சொல்லியிருக்காவிட்டால், தங்கம்மாள் எழுதியிருக்காவிட்டால், பாரதியார் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்?