கணினியும் கட்டளைத் தமிழும்

"கணினிக்கு ஆங்கிலம் மாத்திரமே தெரியும்" என்னும் கூற்று எமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் ஆராயப்படாத ஓர் உண்மையாக வழங்கி வருகிறது. அதனைக் கூறுவோரில் ஒரு சாரார் ஆங்கிலம் கற்ற பெருமிதத்தோடு கூறுகின்றனர். மறு சாரார் அது தமக்கு எட்டாது என்ற ஏக்கத்தோடு கூறுகின்றனர். பெருமிதமும் ஏக்கமும் எதிரெதிரான உணர்வுகளே எனினும், இரண்டும் ஊன்றி நிற்கும் தளம் ஒன்றே. அத்தளம் பொய்யானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவோரும் உளர். ஒரு மொழி யாருடைய வாயிலே கட்டளையாகிறது, யாருடைய செவியிலே கீழ்ப்படிவாகிறது என்பது சமூகம் பற்றிய வினா. அது பொறியியற் பீடத்தின் தனியுடைமையன்று.

புளத்கொகுபிட்டியவின் மலைச்சரிவுகளில், தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே, தமிழ் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருகிறது. அங்கே ஆங்கிலேயத் துரைமாரும் தமிழ் கற்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே அவர்களுக்கான கைநூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. தொழிலாளியிடம் வேலை வாங்குவதற்கு வேண்டிய ஏவலும் வினாவுமே அத்தகைய கல்வியின் உயிர்நாடி. கட்டளையிடும் அதிகாரம் துரைக்கு. இடையில் நின்று எடுத்துரைக்கும் அதிகாரம் கங்காணிக்கு. கேட்டு நடக்கும் கடமை தொழிலாளிக்கு. ஆகவே தோட்டத்துத் தமிழ் கட்டளைக்கு உதவாத மொழியாக ஒருபோதும் இருந்ததில்லை. அக்கட்டளையைப் பிறப்பிக்கும் இடத்திலே நாம் இருக்கவில்லை, அவ்வளவுதான். இன்று கணினியின் முன்னே அமரும் தோட்டத்துப் பிள்ளைக்கு, "உன் மொழியில் இதற்குக் கட்டளையிட முடியாது" என்று சொல்லப்படும்போது, பழைய ஏற்பாடே புதிய கருவியில் தொடர்கிறது.

கணினிச் செய்நிரல் என்பதும் கட்டளைகளின் கோவையே. அவற்றுள் ஒரு வகை, பொறிக்குரிய எண்களாக முன்னரே மாற்றப்பட்டது. மற்றொரு வகை, மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளில் எழுதப்பட்டு அவ்வாறே சேமிக்கப்படுவது. 'ஸ்கிரிப்ட்' என வழங்கும் இவ்விரண்டாம் வகையை இங்கு கட்டளைக் கோப்பு என்போம். பொறியால் இதை நேரடியாக இயக்க இயலாது. வரிகளைப் படித்துப் பொருள் கண்டு, சொன்னபடி செய்விக்க வேறொரு செய்நிரல் இடையில் நிற்க வேண்டும். அதனை உரைபெயர்ப்பான் என்போம். நீதிமன்றத்திலே நிற்கும் உரைபெயர்ப்பாளருக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் பெயர் ஒன்றே.

ஒரு கட்டளைக் கோப்பை இயக்குமாறு நாம் கேட்கும்போது, பணிசெயல் முறைமைக்கு அதனை எந்த உரைபெயர்ப்பானிடம் ஒப்படைப்பது என்பது எவ்வாறு தெரிகிறது? யுனிக்ஸ் முறைமையின் ஆரம்ப காலத்தில் அது முறைமையின் கருவுக்குத் தெரியாது. பயனர் தரும் ஆணைகளை வாங்கும் 'ஷெல்' என்னும் செய்நிரலே, கரு மறுத்த கோப்பைத் தானே படித்து இயக்கிக்கொண்டது. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டெனிஸ் ரிச்சி ஒரு மாற்றத்தை அறிவித்தார். கோப்பின் தொடக்கத்தில் #! என்ற இரு குறிகள் இருக்குமாயின், அவ்வரியில் அடுத்து வரும் இடப்பெயரிலுள்ள உரைபெயர்ப்பானைக் கருவே அழைத்து, கோப்பின் பெயரை அதனிடம் கையளிக்கும். அன்று தொடங்கிய வழக்கம் இன்று லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளிலெல்லாம் நிலைபெற்றுள்ளது.

இதன் நுட்பத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். இயக்குவதற்கான அனுமதி கோப்புக்கு உண்டா என்று கரு முதலில் பார்க்கிறது. பின்பு கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படிக்கிறது. லினக்ஸில் 2019 வரை 128 பைட்டுகளாக இருந்த இப்பகுதி, அவ்வாண்டு வெளிவந்த 5.1 ஆம் பதிப்பு முதல் 256 பைட்டுகளாயிற்று. முதலிரு பைட்டுகளின் மதிப்பு 35, 33 ஆக இருப்பின் அவையே #! ஆகும். உரைபெயர்ப்பானோ கோப்பை மீண்டும் முதலிலிருந்து படிக்கிறது. பைத்தன் போன்ற மொழிகளில் # என்று தொடங்கும் வரி வெறும் குறிப்புரை. எனவே அது முதல் வரியைத் தாண்டிச் செல்கிறது. கருவுக்கு ஆணையாக இருக்கும் வரி உரைபெயர்ப்பானுக்கு மௌனமாகிறது.

இந்த ஒழுங்கில் எந்தக் கட்டத்திலாவது கரு, "இஃது எம்மொழியில் எழுதப்பட்டது?" என்று கேட்கிறதா? இல்லை. "இதனைப் படிக்க வல்லவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்?" என்பதே அதன் ஒரே கேள்வி. அந்த இடப்பெயரைக்கூட அது மொழியாகக் கருதுவதில்லை; பைட்டுகளின் வரிசையாகவே கொள்கிறது. இடைவெளி, வரிமுடிவு, சாய்கோடு முதலிய சில குறிகளுக்கே அங்கு தனிப்பொருள் உண்டு. கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992 இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். அவற்றுள் எதுவும் அத்தனிக்குறிகளோடு மயங்காது. எனவே பின்வரும் கோப்பு லினக்ஸ் கணினியில் முற்றிலும் முறையானது:

#!/கருவி/எழில்
மழை = 160
@( மழை > 150 ) ஆனால்
    பதிப்பி "உடனே வெளியேறுக"
முடி

முதல் வரியின் நீளம் 34 பைட்டுகள். 256 என்ற எல்லைக்கு அது எவ்வளவோ உட்பட்டது. 'கருவி' என்ற அடைவில் 'எழில்' என்ற உரைபெயர்ப்பானை நிறுவிவிட்டால் கரு அதனைத் தயக்கமின்றி அழைக்கும். எழில் எமது கற்பனையன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ்ச் செய்நிரல் மொழி அது. 2009 இல் அதைப்பற்றி ஆய்வுக்கட்டுரையும் வெளிவந்தது. நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்ற சொல் பின்னுமாக, தமிழ்த் தொடரின் போக்கிலேயே அதன் இலக்கணம் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வுதாரணத்திலே மழையை எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பன தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தி வந்த அளவுகோல்கள். ஒரு மழைமானியின் அளவை வாங்கி, லயத்திலுள்ள தாய்க்குப் புரியும் தமிழில் ஒரு வரி அறிவித்தல் தரச் சில வரிகள் போதும். அவ்வரிகளை எழுதக்கூடிய பிள்ளையும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். "இஃது ஆங்கிலம் தெரிந்தவர் வேலை" என்று அவளைத் திருப்பியனுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

"அப்படியாயின் தமிழில் எழுதிய கோப்புகள் ஏன் அடிக்கடி இயங்காமற் போகின்றன?" என்று எதிர்வாதஞ் செய்வர். காரணத்தைக் கேளுங்கள். விண்டோஸின் 'நோட்பேட்', 2019 இல் வந்த மாற்றம் வரை, யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைத் தானாகவே சேர்த்து வந்தது. திரையில் அவை தெரியா. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர் பழைய முறையிலேயே சேமித்தமையால் அவரை இது தீண்டவில்லை. தமிழில் எழுதியவருக்கு யூடிஎஃப்-8 ஐத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை. அக்கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுசென்றால், 35 ஐ எதிர்பார்த்த கரு 239 ஐக் காண்கிறது; தனக்குரிய கோப்பன்று என்று ஒதுக்கிவிடுகிறது. விண்டோஸ் முறையிலான வரிமுடிவில் மேலதிகமாக நிற்கும் 13 என்ற பைட்டும் இவ்வாறே உரைபெயர்ப்பானின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, "அப்படியொரு கோப்பு இல்லை" என்ற மறுமொழியைத் தருவிக்கும். மாணவியோ "தமிழ் எழுதினேன், வேலை செய்யவில்லை" என்ற முடிவுக்கு வருகிறாள். கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளின் குற்றம் இரண்டாயிரமாண்டு மொழியின் தலையில் விழுகிறது. இதனை விளக்கிச் சொல்ல எத்தனை ஆசிரியர்கள் ஆயத்தமாயிருக்கின்றனர்?

க.பொ.த. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைத்தன் இடம்பெற்றுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் விண்டோஸ் கோப்பின் தலையைப் பாராது, அதன் பெயரின் வாலைப் பார்த்து எந்தச் செய்நிரலைத் திறப்பது என்று தீர்மானிப்பது. அதில் மட்டுமே பயிலும் மாணவர், தம் கோப்பை யார் படித்தார் என்பதை அறியாமலே பரீட்சையில் சித்தியெய்துகின்றனர். அவர்களது கையிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசியோ லினக்ஸ் கருவின்மீது இயங்குகிறது. கையிலே இருப்பதை அறியாத கல்வியைக் கல்வி என்பதா?

தமிழ் மொழிக் கணினி வெறும் விளையாட்டு, சந்தைக்கு வேண்டியது பைத்தனே என்பாருக்கும் விடை உண்டு. 2008 இல் வந்த பைத்தன் 3 இலேயே மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிற் பெயரிடலாம். அதன் சில பத்துக் காப்புச் சொற்களைக் கற்பது ஆங்கிலம் கற்பதாகாது. சதுரங்கக் காய்களின் பெயரைக் கற்பது போன்றதே அது. தமிழில் சிந்தித்து எழுதப் பழகியவர் பைத்தனுக்குச் செல்வது எளிது. எம்மொழியிலும் கட்டளையிட்டுப் பழகாதவர் எச்சந்தைக்கும் செல்லார்.

மறுபுறத்தில், தமிழே கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி என்று மேடைதோறும் முழங்குவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. கருவுக்குத் தமிழ்மீது தனிக் காதலும் இல்லை. எழிலின் உரைபெயர்ப்பான் பைத்தனில் எழுதப்பட்டது. பைத்தனின் வழமையான உரைபெயர்ப்பான் சி மொழியில் எழுதப்பட்டது. துபாஷிக்கு ஒரு துபாஷி, அவனுக்கும் ஒரு துபாஷி எனச் சங்கிலி நீண்டு, ஈற்றில் எண்களில் முடிகிறது. பழம்பெருமை இச்சங்கிலியில் ஒரு கண்ணியையும் ஆக்கித் தராது, உழைப்பே தரும். கலைச்சொற் பட்டியல்களும் எழுத்துருக்களும் வேண்டியனவே. ஆனால் படிப்பவர் இல்லாத நூல் போல, உரைபெயர்ப்பான் இல்லாத கட்டளை வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

இடைநிற்பவரின் அதிகாரம் குறித்தும் ஒரு சொல். உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்குக என்ற தனி அனுமதியைக் கட்டளைக் கோப்புக்கு வழங்கினாலும் லினக்ஸ் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஏனெனில் கரு கோப்பைப் பார்க்கும் கணத்துக்கும் உரைபெயர்ப்பான் அதனை மீளத் திறக்கும் கணத்துக்கும் இடையே யாரேனும் கோப்பை மாற்றி வைத்துவிடலாம். சொன்னவரின் சொல் வேறாகவும் நிறைவேறிய சொல் வேறாகவும் ஆகிவிடும் அபாயம் அது. கங்காணியின் வாய்வழி தம் சொல்லை அனுப்பி வாழ்ந்த மக்களுக்கு இவ்வபாயம் புதிதன்று. நீதிமன்ற மொழி விளங்காத வழக்காளி அரசிடமிருந்து உரைபெயர்ப்பைப் பெறும் உரிமை இந்நாட்டு அரசியலமைப்பில் உள்ளது. உரைபெயர்ப்பாளரை வேண்டிநிற்கும் உரிமையோடு, உரைபெயர்ப்பானை ஆக்கும் ஆற்றலும் எமக்கு வேண்டும்.

எனவே தமிழ்ச் சங்கங்களின் முன் ஒரு சிறு கோரிக்கையை வைக்கிறேன். ஆண்டுதோறும் மலரில் கவிதைக்கும் கதைக்கும் பக்கம் ஒதுக்குவது போல, இயங்கத்தக்க ஒரு தமிழ்க் கட்டளைக் கோப்பை முழுமையாக அச்சிட்டு, வரிக்கு வரி உரை எழுதுக. உரையாசிரியர் மரபிலே வந்த எமக்கு அது புதிய தொழிலன்று. அம்மலரைத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்புக. விடுமுறையில் மாணவர் இருவர் பின்தொடர்ந்து சென்று கற்பிக்குக. பொறி, மொழியைக் கேட்கவில்லை. முதல் வரியில் ஒரு பெயரை மட்டுமே கேட்கிறது. அவ்விடத்தில் எழுதுவதற்குரிய பெயர்களைப் படைப்பது எமது தலைமுறையின் கடமை.