வெள்ளைக் கோட்டு போட்டவர் நீதிபதி அல்ல

மருத்துவ பீடத்தில் படிக்கும் நம்ம பிள்ளைகளிடம் கருக்கலைப்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள். “வன்புணர்வுன்னா சரி, சிசுவுக்குப் பெரிய குறைபாடுன்னா சரி. சும்மா வேணாம்னு கலைக்கிறது பாவம்.” அடிக்கடி காதில் விழும் பதில் இது. முற்போக்காகத்தான் தெரியும். ஆனால் இவர்கள் பெருந்தன்மையோடு “சரி” என்று சொல்லும் அந்த இரண்டுக்கும்கூட இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதற்காக எத்தனை பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள்?

தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு 1883இல் வந்தது. கோப்பி அழிந்து, நம்ம ஆட்கள் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் கலைக்கலாம். மற்றபடி மூன்று வருடம் வரை சிறை. கருவில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி. வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1967இலேயே சட்டத்தை மாற்றிவிட்டான். இந்தியா 1971இல் மாற்றியது. நாம் இன்னும் அவன் விட்டுப்போனதைக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்வு என்கிறது சட்டம். அதே பிள்ளை கர்ப்பமானால், பெற்றே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

சட்டம் இருப்பதால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? ஒரு நாளைக்கு சுமார் 658 நடப்பதாக 2016இல் சுகாதார அமைச்சின் மதிப்பீடு வந்தது. காசுள்ளவளுக்கு ரகசியமாக ஒரு வழி கிடைக்கும். லயத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது யாரோ கள்ளத்தனமாக விற்கும் மாத்திரை. இரத்தம் போகப்போக மலையேறிக் கொழுந்து பறிப்பாள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும், நிறை குறைந்தால் அரைப் பேர்தான். காய்ச்சல் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

1980களில் கருத்தடை ஆபரேஷனுக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில்தான் அந்த ஆபரேஷன் அதிகம். ஒழுங்காக விளங்கப்படுத்தாமலே செய்துவிட்டார்கள் என்று சொல்லும் பெண்கள் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். பெறாதே என்றவர்களும் மேலே இருந்தவர்கள்தான், பெற்றுத்தான் ஆகணும் என்கிறவர்களும் மேலே இருப்பவர்கள்தான். உனக்கு என்ன வேணும்னு அவளிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

2017ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மருத்துவ மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்து வீதியில் நின்றார்கள். அதே வருடம்தான் வன்புணர்வுக்கும் கடுமையான சிசுக் குறைபாட்டுக்கும் விலக்குத் தரும் திருத்தம் அமைச்சரவை வரை வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்ததும் அது கிடப்பில் போனது. பட்டத்தின் மதிப்பைக் காக்க அவ்வளவு வீதியில் நிற்க முடிந்ததே, நோயாளியின் உயிருக்காக ஒரு நாளாவது நின்றிருக்கக் கூடாதா?

“மனச்சாட்சி இடம் தரல்ல” என்பீர்கள். உங்கள் கையால் செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கலைத்துவிட்டு வந்தவளுக்கு வைத்தியம் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கட்டிலில் கிடப்பவளை முறைப்பதும், அடுத்த கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி “யாரு புள்ள, எத்தன மாசம்?” என்று விசாரிப்பதும் மனச்சாட்சி அல்ல. அந்த முறைப்புக்குப் பயந்துதான் அவள் “வழுக்கி விழுந்துட்டேன்” என்று பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யில் போகும் சில மணித்தியாலத்தில் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும்.

டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ ஓர் இரவு நேர வார்டில், அவள் பாஷை தெரிந்த ஒரே டாக்டர் நீங்களாக இருக்கலாம். உண்மையை அவள் சொல்வதானால் உங்களிடம்தான் சொல்வாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, என்ன குடிச்சீங்க, எப்போ குடிச்சீங்க என்று மட்டும் கேளுங்கள். வார்டுக்கு வெளியே வந்ததும் 303ஐ மாற்றச் சொல்லிச் சத்தமாகவே கேளுங்கள்.