அடகுக்குப் போகும் தோடு

தட்டாஞ்சாவடியில் குடியிருக்கிறேன். வங்கியில் எனக்கு நகைக்கடன் மேசை. போன மாசம் கூலிவேலை செய்யும் ஓர் அம்மா காதுத் தோட்டைக் கழட்டி வைத்தார். மகன் பொறியியல் முடித்து ரெண்டு வருசம் ஆச்சு. “கம்ப்யூட்டர்ல புதுசா என்னமோ வந்திருக்காம் சார், அதப் படிச்சா உடனே வேலையாம்” என்றார். கட்டணம் அறுபதாயிரம். என்ன படிப்பென்று பையனைக் கேட்டேன். பயிற்சி நிலையத்தில் சொன்னதையே திருப்பிச் சொன்னான். கடனை மறுக்க எனக்கு அதிகாரமில்லை. கொடுத்தேன்.

சேரிப் பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குப் போகவேண்டும். அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் எந்தச் சரக்குக்குக் கிராக்கி என்பதை விற்கிறவனிடமே கேட்டால் எப்படி? ஃப்ளாஷ் படிச்சா வேலை என்றார்கள் ஒரு காலத்தில். 2020 டிசம்பரோடு ஃப்ளாஷ் கதை முடிந்தது. 1970களில் பிறந்த எஸ்.க்யூ.எல்.லையோ இன்னமும் கேட்கிறார்கள்.

ஆகவே காசு கட்டும் முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் புதியவர்களுக்கான ஐம்பது வேலை அறிவிப்புகளைப் படியுங்கள். எந்தத் திறன் எத்தனை தடவை வருகிறதென்று கோடு போட்டு எண்ணுங்கள். திரும்பத் திரும்ப வருவது அடிப்படை. அநேகமாக ஜாவா அல்லது பைத்தான், கூடவே எஸ்.க்யூ.எல். அதை முதலில் படியுங்கள். அடுத்த நிலையில் வருவதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். அபூர்வமாக வருவதை விட்டுத்தள்ளுங்கள். ஐ.ஐ.டி.க்கள் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். கற்றதை வைத்து உருப்படியாக ஒன்று செய்யுங்கள். நம் படிப்பகத்துப் புத்தகக் கணக்காக இருந்தாலும் சரி, அதைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். வாரம் பத்து விண்ணப்பமாவது போகட்டும். மூணு மாசத்துக்கொரு தடவை மறுபடி எண்ணுங்கள். வேலை கிடைத்த பிறகும் எண்ணுங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததை மறக்கவேண்டாம்.

இத்தனையும் செய்தால் வேலை கிடைச்சிடுமா? இங்கே பொய் சொல்ல மாட்டேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நம்மூரில் பெயரில் சாதி ஒட்டியிருக்காது. அதனாலென்ன? ‘எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

இது புதுசும் இல்லை. பம்பாய் மில்களில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கமாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்கவேண்டும், அதனால் தீட்டாம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேள்வியாக்கினார். அங்கே குறைந்தது திறமையா, எச்சிலா?

இன்றைக்குப் பல நிறுவனங்களில் உள்ளே இருப்பவர் பரிந்துரைத்த விண்ணப்பம் முன்னால் நகர்கிறது. எந்த அறிவிப்பிலும் அச்சாகாத திறன் அது: உள்ளே ஒரு மாமா இருப்பது. அவர்களுக்கு மாமா இருக்கிறார். நமக்கு அமைப்பாவது இருக்கணும். எந்த ஊர்ப் பிள்ளை எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறதென்று கிளைக்கொரு நோட்டு போடுவோம். எனக்கு இந்த நாற்காலி இடஒதுக்கீட்டில் வந்தது. அந்த உரிமை தனியார் வாசலில் நின்றுபோகிறது. அதை உள்ளே கொண்டுபோகும் போராட்டமும், கோடு போட்டு எண்ணும் நோட்டும் எதிரெதிரானவை அல்ல. ரெண்டும் ஒரே வேலை.

அந்தத் தோடு இன்னும் பெட்டகத்தில்தான் கிடக்கிறது. உள்ளே போய்விட்ட தோழர்களே, உங்கள் நிறுவனத்தில் ஓர் இடம் காலியானால் முதல் தகவலை யாருக்குச் சொல்கிறீர்கள்?