டிஸ்க் பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

பழைய பிக்கப் வண்டியின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தும் காணொளிகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த இரும்புச் சட்டி போன்ற ஒன்று கழன்று வரும். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு ஏறும். கடைசியில் வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, "இனிமேல் பாதித் தூரத்திலேயே நின்றுவிடும்" என்பார். என் உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் அப்படி ஒரு காணொளியைக் காட்டி, "அப்படியானால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளை ஏன் சார் இன்னும் ஓடவிடுகிறார்கள்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. காணொளிக்காரர் சொன்னதுதான் சரியில்லை.

அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது, பஃப்ளோ ரோட்டில் காய்கறி இறக்க நிற்கும் வேன்களின் சக்கரங்களை உற்றுப் பாருங்கள். டொயோட்டா ஹையேஸ் என்றால் முன்சக்கரத்தின் துளைகள் வழியே டிஸ்க் தெரியும். பின்சக்கரத்தில் மூடிய டிரம்தான் இருக்கும். பழைய வண்டிகளில் மட்டும் அப்படி என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 என்ற புதிய மின்சாரக் காரிலும் பின்னால் டிரம் பிரேக்தான். பொறியாளர்கள் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. மோரிஸ் மைனர் பிக்கப் என்று ஒரு பிரிட்டிஷ் வண்டி 1953இல் வந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ஓட்டுநரும் சரக்கும் ஏறினால் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அது மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 20 மீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 500 × 400. இயக்க ஆற்றல் 200,000 ஜூல். நிற்பதற்கு இவ்வளவும் வெப்பமாக வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 630 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் அது. ஒரே ஒரு முறை நின்றதற்கு மூன்று குவளைத் தேநீருக்கான வெந்நீர்!

இனி, வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்திலிருந்து நிற்கக் குறைந்தது 25 மீட்டர் வேண்டும். நன்றாகப் பராமரித்த டிரம் பிரேக்கை ஓங்கி மிதித்தாலே சக்கரம் உருளாமல் வழுக்கத் தொடங்கிவிடும். டயரின் பிடிமானம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க்கைப் பொருத்தினாலும் அந்த 25 மீட்டர் 12 மீட்டர் ஆகாது. ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்து ஒரு வினாடி தாமதமாக மிதித்தால் மட்டும் 20 மீட்டர் கூடுதலாகப் போய்விடும்.

அப்படியானால் டிஸ்க் பிரேக்கால் பயனே இல்லையா? நிறைய உண்டு. ஆனால் அது முதல் தடவை நிறுத்தும்போது தெரியாது. பத்தாவது தடவை நிறுத்தும்போதுதான் தெரியும்.

டிரம் பிரேக் ஒரு கெட்டிக்கார அமைப்பு. சுழலும் சட்டிக்குள் இரண்டு பிறை வடிவ ஷூக்கள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்தும். கதவு சாத்தாமல் இருக்க அடியில் ஆப்பு செருகுவோமே, கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இன்னும் இறுகும் அல்லவா? சுழலும் டிரம்மும் அதேபோல ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். மோரிஸ் மைனரின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் இப்படி இறுகும் வகை. அதனால்தான் எஞ்சினின் உதவி எதுவும் இல்லாமல், வெறும் கால் பலத்தாலேயே அந்த வண்டியை நிறுத்த முடிந்தது.

ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலை உண்டு. சூடேறினால் ஷூவின் உராய்வு குறைகிறது. உராய்வை நம்பித்தானே இறுக்கமும்? இரண்டும் சேர்ந்து சரிகின்றன. போதாக்குறைக்கு டிரம் விரிவடைகிறது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 0.66 மில்லிமீட்டர் கூடும். அதாவது ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். டிஸ்க்கில் இதற்கு நேர்மாறு. தகடு சூட்டில் தடிக்கும்போது இருபுறமும் உள்ள பேட்களை நோக்கித்தான் வருகிறது. திறந்த வெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறுகிறது. நம் ஊர் மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் அது காயும்வரை பிடிமானம் குறைவு. டிஸ்க் சுழன்றே தண்ணீரை உதறிவிடும்.

1953ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார் டன்லப் டிஸ்க் பிரேக்குகளுடன் வென்றது. ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் ஒரு கூர்மையான வளைவு. ஒரு பகலும் ஓர் இரவும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வேகத்தைக் கொன்றாக வேண்டும். டிஸ்க் தன் பலத்தைக் காட்ட அதைவிட நல்ல மேடை கிடைத்திருக்காது.

நமக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கெந்திங் மலை. அங்கிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது நம் பிக்கப் இழக்கும் நிலையாற்றல் 1,000 × 10 × 1,000, அதாவது ஒரு கோடி ஜூல். 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐம்பது முறை நிற்பதற்குச் சமம். அதில் பெரும் பங்கை எஞ்சினிடம் விடாமல், கியரைக் குறைக்காமல், பிரேக்கை மட்டுமே அழுத்திக்கொண்டு இறங்கினால் டிரம் என்ன, டிஸ்க்கும் திணறும்.

சரி, மாற்றுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். தகட்டை மாட்டுவது இதில் எளிய பகுதி. மோரிஸ் மைனரின் முன்பக்க அமைப்பு பிறகு வந்த மோரிஸ் மரீனாவிலும் தொடர்ந்ததால், மரீனாவின் டிஸ்க்குகளை எடுத்து மைனரில் பொருத்துபவர்கள் உண்டு. சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. டிஸ்க்குக்குத் தானாக இறுகும் குணம் இல்லை. எனவே பெடலை மிக அழுத்தி மிதிக்க வேண்டும், இல்லையென்றால் சர்வோ வேண்டும். கேலிப்பரின் பிஸ்டன்கள் பெரியவை, அதிகத் திரவம் கேட்பவை. பழைய மாஸ்டர் சிலிண்டரால் ஒரே மிதியில் அவ்வளவு தள்ள முடியாமல் போகலாம். பாஸ்கல் விதியில் பரப்பைப் பெரிதாக்கினால் விசை கூடும், ஆனால் நகர வேண்டிய தூரமும் கூடும் என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்தது இதுதான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது முன்பின் சமநிலை. பிரேக் போடும்போது எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. சரக்கு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. பின்னாலும் வலுவான டிஸ்க்கைப் போட்டு அழுத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டால், பின்சக்கரங்கள் முதலில் வழுக்கி வண்டி பம்பரம்போல் திரும்பிவிடும். ஆகவே பின்னால் டிரம்மை அப்படியே விடுவதுதான் சரி என்பது என் கருத்து. கைப்பிரேக்குக்கும் அதுவே வசதி. ஐடி.4 காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுகிறது. வேலை இல்லாமல் கிடந்தால் டிஸ்க் துருப்பிடிக்கும். மூடிய டிரம்முக்கு அந்தக் கவலை குறைவு.

என்னிடம் அப்படி ஒரு பழைய பிக்கப் இருந்தால் முதலில் டிஸ்க் வாங்க மாட்டேன். இரண்டு வேலைகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. ஒன்று, பிரேக் திரவத்தை மாற்றுவது. சாதாரண பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சிங்கப்பூரின் ஈரக்காற்று உங்களுக்குத் தெரியும். இங்கே 35 ஆண்டு கடந்த பழைய கார்களுக்கான சிறப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாள்களில் சும்மா நின்றாலும் திரவம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். மோரிஸ் மைனரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். டிஸ்க் போட்ட வண்டியானாலும் அதே கதிதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று சுற்றைப் பிரித்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். அமெரிக்காவில் 1968இலேயே புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். காணொளிகளில் இந்த வேலையை யாரும் பெருமையாகக் காட்டுவதில்லை. பளபளப்பாக எதுவும் தெரியாதே!

என் மாணவரிடம் இதையெல்லாம் சொன்ன பிறகு, "அப்போ டிஸ்க் வேண்டாமா, சார்?" என்றார். முன்சக்கரத்துக்குப் போடலாம், ஆனால் மூன்றாவது வேலையாக, விவரம் தெரிந்த பட்டறையில், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டு என்றேன். இன்னொன்றும் சொன்னேன். யார் வீட்டிலாவது பழைய டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். அந்தக் கால ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.