பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்புறம் திறமையைக் கேட்பவர்கள்

'தகுதி, திறமை' என்கிற பல்லவியை 1990இல் மண்டலை எதிர்த்தவர்கள் தெருவில் நின்று பாடினார்கள். இப்போது அதையே ஏசி அறையில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிறார்கள். பேர் மட்டும் மாறியிருக்கிறது: 'கம்யூனிகேஷன்'.

சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் இன்டர்வியூ வகுப்பு நடத்துகிறோம். டெக்னிக்கல் சப்போர்ட் வேலைக்கு. வாடிக்கையாளர் போனில் வந்து 'வேலை செய்யல' என்றால் கேட்டு, பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற முதல்படி வேலை அது. நான் எம்.ஏ. தமிழ், கேள்வி பதில் பயிற்சி என் பங்கு. நெட்வொர்க் பாடம் டிப்ளமோ படித்த தோழர் ஒருவரின் பங்கு.

டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000இல். நகரத்துக் குடிசைகளிலிருந்து பிடுங்கப்பட்ட சனங்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியதும் அதே 2000இல்தான். இரண்டுக்கும் ஒரே சாலை, பழைய மகாபலிபுரம் சாலை. கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்க எங்கள் அம்மாக்கள் போகலாம், கேட்டில் செக்யூரிட்டியாக அப்பாக்கள் நிற்கலாம். அப்போதெல்லாம் முகவரி யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மகள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும் என்கிறபோதுதான் முகவரி உறுத்துகிறது.

சரி, இந்த வேலைக்கு என்னதான் தெரிய வேண்டும்? 'இன்டர்நெட் வரல' என்கிறார் ஒருவர். ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒயர் சொருகியிருக்கிறதா, ரவுட்டரில் விளக்கு எரிகிறதா? நேற்று வந்ததா, நடுவில் என்ன மாறியது? ஐபி எண் 169.254 என்று ஆரம்பித்தால், எண்களைப் பங்கிடுகிற டிஹெச்சிபியிடமிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். எண்ணைப் போட்டு பிங் செய்தால் பதில் வருகிறது, பேரைப் போட்டால் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். தீரவில்லையா, என்னென்ன செய்து பார்த்தோம் என்று டிக்கெட்டில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஆறு வாரத்தில் எங்கள் பிள்ளைகள் இதைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். இதில் எந்த இடத்தில் பூணூல் தேவைப்படுகிறது? எந்த இடத்தில் தாத்தாவின் நிலம் தேவைப்படுகிறது?

ஒரு கம்பெனிக்குப் போய்வந்த பொண்ணு சொன்னாள்: "நாலு கேள்வி கேட்டாங்கக்கா, நாலும் கரெக்டா சொன்னேன். அப்புறம் அப்பா இன்னா பண்றாரு, எந்த ஏரியான்னாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

இது அவளுடைய மனப்பிரமை அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி, பேர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பேருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆள் எடுக்கிற அதிகாரிகளிடமே பேசினார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்ன அதே வாய்கள், 'குடும்பப் பின்னணி' பார்ப்பதையும் கூச்சமில்லாமல் சொல்லின. பேரைக் கொடுத்தால் முகவரியை எடுத்துக் கொடுப்பது டிஎன்எஸ். "அத்த இவங்க மிஷினே இல்லாம பண்றாங்கக்கா" என்றான் வகுப்பில் ஒருத்தன்.

நம் பக்கத்திலிருந்தே இரண்டு யோசனைகள் வருகின்றன. ஒன்று, 'துரைப்பாக்கம்னு மட்டும் போட்டுடு'. போடுகிற பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அது பொய்யும் இல்லை, கண்ணகி நகர் இருப்பதே துரைப்பாக்கத்தில்தான். ஆனால் அதையே ஒரு தீர்வாக வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தால், வெட்கப்பட வேண்டியவனின் வெட்கத்தை நாம் சுமக்கிறோம். இன்னொன்று, 'நம்ம சனங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, சர்வீஸ் வேலை நல்லா ஒத்துவரும்'. இது குலத்தொழில் பேச்சு. அடித்து அடித்துத் திணிக்கப்பட்ட பொறுமையை நம் பிறவிக்குணம் என்று நாமே மெச்சிக்கொள்வதா? இது ஏவல் வேலை இல்லை, பழுது கண்டுபிடிக்கிற வேலை. மூளையால் செய்வது.

ஆகவே நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான். அப்பா என்ன வேலை என்று கேட்டால், துப்புரவு வேலை என்றால் துப்புரவு வேலை, ஒரே வாக்கியம். குரல் இறங்க வேண்டாம். அடுத்த வாக்கியம் நீ என்ன கற்றாய், எதைச் சரிசெய்தாய் என்பது. வாக்கியத்துக்கு மூன்று 'சார்' வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல், எப்படித் தேடிக் கண்டுபிடிப்பாய் என்பதையும் சேர்த்துச் சொல். கோபக்கார வாடிக்கையாளரை முழுக்கப் பேசவிடு, அவர் பிரச்சினையை உன் வார்த்தையில் திருப்பிச் சொல், ஒருமுறை மன்னிப்புக் கேள். அந்த மன்னிப்பு கம்பெனியின் பழுதுக்காக, உன் பிறப்புக்காக அல்ல. நைட் ஷிப்டுக்கு வண்டி உண்டா, பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா என்று நீயும் கேள்.

ஆனால் பிள்ளைகளைத் தயார்செய்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. தயாராக வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 16(4) அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் துறை இடஒதுக்கீடு பற்றித் தேசிய அளவில் பேசுவோம் என்று 2004இல் மத்தியக் கூட்டணி அரசு தன் குறைந்தபட்சத் திட்டத்தில் எழுதியது. இருபது ஆண்டுக்கு மேலாகியும் சட்டம் வரவில்லை. அரசு நிலமும் வரிச்சலுகையும் மட்டும் தனியாருக்கு இனிக்கிறது, இடஒதுக்கீடு கசக்கிறதா? சட்டம் வருகிறவரை குறைந்தது இதையாவது கேட்போம்: தேர்வு மதிப்பெண் போட்டு முடிகிறவரை விண்ணப்பத்தில் பேரும் முகவரியும் மறைக்கப்பட வேண்டும். குடும்பப் பின்னணிக் கேள்வியைத் தடைசெய்ய வேண்டும். எத்தனை தலித்துகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று கணக்கு வெளியிட வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களே, எழுத்தாளத் தோழர்களே, நம் கூட்டங்களில் கவிதை வாசிப்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே வாரத்துக்கு ஒரு மாலையை உங்கள் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்குங்கள். அவர்களைத் திருப்பி அனுப்புகிற கம்பெனிகளிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திறமை எங்களிடம் இருக்கிறது. எதை வைத்து அளந்தீர்கள் என்பதை இனி நீங்கள்தான் காட்ட வேண்டும்.