கடிவாளத்தை அறுத்தால் போதுமா?

போடி, சிலமலைப் பக்கம் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுப்பவர் முதலில் கேட்பது, "குஞ்சு எத்தனை மாதத்தில் கிலோ எடைக்கு வரும்?" என்பதே. தீவனமும் நீரும் விடையில் ஒரு பகுதி. மரபணு மற்றொரு பகுதி.

நமக்குத் தசை இழைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறகு அவை பருக்கின்றன, அவ்வளவுதான். ரோகு போன்ற பெரிய மீன்களிலோ நெடுநாள் வரை புதிய இழைகளும் தோன்றுகின்றன. இவ்வளர்ச்சிக்குக் கடிவாளம் மயோஸ்டாட்டின் என்னும் புரதம். அதன் மரபணுவைச் செயலிழக்கச் செய்த, சதைப்பற்று மிகுந்த 'மடாய்' மீன் 2021-இல் ஜப்பானில் விற்பனைக்கே வந்துவிட்டது!

வியப்புதான். ஆயினும் என் வாக்கு புவனேசுவரத்து 'ஜெயந்தி' ரோகுவுக்கே. மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், நார்வே அறிஞர்களுடன் சேர்ந்து, கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ரோகுக்களைப் பண்ணை ரோகுவுடன் கலந்து, வேகமாக வளர்ந்த குடும்பங்களையே தலைமுறைதோறும் பொறுக்கியெடுத்தது. தலைமுறைக்குச் சுமார் 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. 1997-இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், பெயர் சூட்டினார்கள்.

வளர்ச்சி ஒரே மரபணுவின் வேலையன்று. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்க் கை கொடுக்கின்றன. பொறுக்கியெடுத்தல் அத்தனையையும் ஒருசேர முன்னே தள்ளுகிறது. ஆனால் உடன்பிறந்த மீன்களையே ஆண்டுதோறும் இணைசேர்க்கும் பொரிப்பகத்தில் இந்த ஆதாயம் கரைந்துபோகும். குஞ்சு வாங்கப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், விலையோடு தாய்மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.