விரல் பழகிப் போச்சு, அதனால் என்ன?

டைப்ரைட்டிங் 'ஹையர்' பாசான புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் புது கீ போர்டைக் கொடுத்துப் பாருங்கள். "வேண்டாம் சார், கை பழைய இடத்துக்குத்தான் போகுது" என்பார். 1999-ல் தமிழக அரசு 'தமிழ் 99' முறையை அறிவித்தும் இப்படிப் பலர் மாறவில்லை.

கேலி பண்ணாதீர்கள்! கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கெட்டிக்காரர்களும் இதே கட்சிதான். 1976-ல் அமெரிக்காவின் பில் ஜாய் எழுதத் தொடங்கிய 'வி.ஐ.' எடிட்டரும், அதே பாணியில் நெதர்லாந்துக்காரர் பிராம் மோலனார் 1991-ல் வெளியிட்ட 'விம்'மும் இன்றைக்கும் பலருக்கு உயிர். மவுசைத் தொடாமல் விரலாலேயே வேலையை முடித்துவிடுவார்கள். மோலனார் 2023-ல் காலமானார். 'விம்' வாழ்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். 'விம்'மில் எழுதியதை வேறு எடிட்டரிலும் திறக்கலாம். நம்மூரில் பழைய ஃபாண்டில் அடித்த மனுவை, அந்த ஃபாண்ட் இல்லாத அறந்தாங்கி கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிண்டிய குப்பைதான்! மறுபடி அடிக்கக் காசு யார் தருவது?

அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடில் அடிக்க 'என்.எச்.எம். ரைட்டர்' போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆக, கையை மாற்ற வேண்டியதில்லை. ஃபாண்டை மாற்றினால் போதும். ஆபீஸ்களும் ஜாப் டைப்பிங் கடைகளும் இனியும் தள்ளிப்போடலாமா?

விரல் பழக்கம் அவரவர் சொந்தம். அடித்த எழுத்து ஊருக்குச் சொந்தம்!